கருவி சோதனை

அவடாய் சந்தைக்கு இரவுதான் பகல்.
பத்து மணிக்கு மூட்டைகள் வந்து இறங்கும்.
வாழையிலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து,
காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்குவதுபோல்
இரண்டு கையாலும் வாங்குவார்கள்.
ஜிமா என்போம் நாங்கள்.
பறித்த நொடியிலிருந்தே வீரியம் வடியத் தொடங்கும் இலை.
இரண்டு நாள் கெடு.
அப்புறம் ஆடு தின்னும், ஆள் சீந்தமாட்டான்.

அதனால்தான் லாரிகள் அப்படிப் பறக்கின்றன,
ஜிஜிகா தாண்டி எல்லைக்கு,
வளைவுக்கு வளைவு ஹாரன் கதற.
கழுதைக்குக்கூடத் தெரியும்,
சத்தம் கேட்ட கணமே பள்ளத்தில் இறங்கி நின்றுகொள்ளும்.

எனக்கு ஒரு மேசை, மினுக்கும் ஒரு டியூப்லைட்,
பட்டி சரியாக ஒட்டாத பிரஷர் கருவி.
சுகாதார நிலையம் என்று
வெளியே பலகை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூமே வருவான், என்ஜினை அணைக்காமல்.
"சீக்கிரம் பார், இஃப்து."

போன வாரம் மெல்லாமல் வந்திருந்தான்.
மேலே நூற்று இருபத்தெட்டு, கீழே எண்பத்திரண்டு,
நாடி எழுபத்தாறு.
மகளுக்குச் செருப்பு வாங்க வந்தவனின் எண்கள்.

இன்றைக்குக் கன்னத்தில் எலுமிச்சை அளவு உருண்டை.
கண் பளபளக்கிறது. பேச்சு நிற்கவில்லை;
டீசல் விலை, மச்சானின் வழக்கு, மறுபடி டீசல்.
பட்டியைச் சுற்றினேன், காற்றை ஏற்றினேன், இறக்கினேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
நூற்று இரண்டு.
நாடியை இருமுறை எண்ணினேன்: நூற்றுப் பதினான்கு.

"நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், மூமே.
உன் இதயம் தனியாகக் கராமரா மலை ஏறுகிறது,
முழு லோடோடு."

சிரித்தான். பல்லெல்லாம் பச்சை.
"ஏறட்டும். நல்ல வண்டி."

"இலை இதயத்தை விரட்டுகிறது.
அதே இலைதான் குழாய்களையும் இறுக்குகிறது.
வேகம் கூடுகிறது, சாலை சுருங்குகிறது.
புரிகிறதா?"

"சாலை சுருங்கினால் ஹாரன் அடிப்பேன்.
வழி விடுவார்கள்."

"ரத்தத்துக்கு ஹாரன் கிடையாது."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
அவன் வாய் நின்று
நான் பார்த்தது அப்போதுதான்.
வெளியே என்ஜின் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது,
வெற்று டம்ளர் மேசையில் நடுங்கியது.
அவசரம் இலைக்குத்தான்,
சாகப்போவது அதுதானே.
இவன் நெஞ்சு எதற்கு அதன் கூடவே ஓடுகிறது
என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பட்டியைக் கழற்றினான்.
கொக்கியில் மாட்டவில்லை.
என் முழங்கைக்கு மேலே சுற்றினான்,
தார்ப்பாய் கட்டுகிறவனின் இறுக்கத்தோடு.
"உன் கன்னத்தில் என்ன?"

ஒன்பது மணிக்கு வைத்தது.
நாலே நாலு கொழுந்து, தூக்கத்துக்காக,
கூடவே சர்க்கரை கொட்டிய டீ.
இந்தத் தெருவில் இரவு வேலைக்காரர்கள்
அதை மெல்வது என்றுகூடச் சொல்வதில்லை.

ஸ்டெதஸ்கோப்பை நானே காதில் வைத்துக்கொண்டேன்.
முதல் தட்டு கேட்ட இடத்தையும்
சத்தம் அடங்கிய இடத்தையும் விரலால் காட்டினேன்.
அவன் பயணிகளைக் கூப்பிடும் கிளீனர் குரலில்
உரக்கப் படித்தான்:
"நூற்று நாற்பத்தொன்பது! தொண்ணூற்றாறு!"

இரண்டு பேரும் சிரித்தோம்.
அவன் முதலில் நிறுத்தினான்.

பதிவேட்டில் அவனுடையதை எழுதினேன்.
அடுத்த வரியில் என்னுடையதை.
பெயர் என்ற கட்டத்தில்
கருவி சோதனை என்று போட்டேன்.

"இரண்டு நாள் விட்டு, மெல்லாமல் வா.
அப்போதும் எண் இறங்காவிட்டால் மாத்திரை."
"இன்ஷா அல்லா" என்றான்,
கதவு சாத்துவதற்குள் லாரி நகர்ந்துவிட்டது.

மணிக்கட்டில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
மசூதி வளைவில் ஒரு ஹாரன்.
முப்பத்தொரு துடிப்பு கழித்து,
மேட்டுக்கு அப்பால் இன்னொன்று, சின்னதாக.

எழுந்து போய்த் துப்பினேன் என்று
சொல்லத்தான் ஆசை.
இரண்டு மணிக்கு ஒரு பிரசவம் வரும் என்று
சொல்லியனுப்பியிருந்தார்கள்.
உருண்டையை
மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன்.