ஐம்பது ஹெர்ட்ஸ்

கட்டிலின் பக்கச் சட்டம் நல்ல தேக்கு.
கோணல் இல்லை, முடிச்சு இல்லை,
ஒரே ஒரு ஆணித்துளை, அதுவும் ஓரத்தில்.
இதை நான் சொன்னபோது தையல்நாயகி
ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
"அப்போ நாம எங்க படுக்கிறது?"
மூன்று மாதமாகத் தரையில் படுக்கிறோம்.

உடம்புக்குப் பலா.
பண்ருட்டி ரோட்டு மரவாடிக்காரர்
மிருதங்கத்துக்கா என்றார்.
இல்லை.
வீணைக்கா?
இல்லை.
மூன்றாவதாகக் கேட்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை,
எடை போட்டுக் கொடுத்துவிட்டார்.
இழைத்த பலகை சுளையின் நிறத்தில் இருந்தது.
ஓர் ஈ ஏமாந்து வந்து உட்கார்ந்து எழுந்து போனது.

கடையில் விற்கும் பேஸ் கிட்டார் முப்பத்து நாலு அங்குலம்,
முழுவிரல்காரர்களுக்கு.
என் இடது கையில் சுண்டுவிரல் இல்லை,
மோதிரவிரல் பாதி.
சிப்காட், இரவு ஷிப்ட், பிரஸ் மெஷின்.
அதைப் பற்றி இவ்வளவு போதும்.

முப்பது அங்குலம் என்று முடிவு செய்தேன்.
முப்பதைப் பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகுத்தால்
முதல் மெட்டு.
மிச்சத்தை அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது.
இப்படியே இருபது.
காலண்டரின் முதுகு முழுக்க வகுத்தல்.
பால் கணக்குக்கு இடமில்லை என்று
அவள் சுவரில் எழுதத் தொடங்கினாள்.
சூசை போன் பண்ணினான்:
"கீபோர்டிலயே பேஸ் வருதே, இதெல்லாம் எதுக்கு?"
வருகிறதுதான்.
ஏழாவது மெட்டில் ரம்பம் ஒரு மயிரிழை வழுக்கியது.
மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன்.
எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, இப்போது உங்களுக்கும்.

காயில் கட்டுவது எனக்குப் புதிதில்லை.
முதுநகரில் பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு.
மிக்சி, சீலிங் ஃபேன், சப்மெர்சிபிள்,
ஐஸ் ஃபேக்டரியின் ஏழரை எச்.பி.
அந்தக் கம்பிகளுக்கு என் கை தெரியும்.
இது தலைமுடியைவிட மெல்லிசு,
தும்மினால் அறுந்துவிடும்.
தையல் மெஷின் மோட்டாரில் பாபினை மாட்டினோம்.
பெடலில் அவள் கால், கம்பியில் என் கை,
மெதுவாக, எறும்புக்கு வழிவிடுகிற மாதிரி.
எண்ணியது அவள்தான், வாய்விட்டு.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் கரண்ட் போனது.
கம்பி விறைப்பாக விரலிடுக்கில் நிற்க
முக்கால் மணி நேரம் இருட்டில்
அந்த எண்ணை நானும் அவளும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.
துறைமுகத்துக் கொசு
இருவரையும் பாரபட்சமில்லாமல் தின்றது.

ஞாயிறு மதியம் ஆம்ப்ளிஃபயரில் செருகினேன்.
ம்ம்ம்ம்ம்.
யாரும் தொடாமலே, நிற்காமல்.
தெரிந்த சத்தம்தான்.
ட்ரான்ஸ்ஃபார்மரின் அடியிலும்
எரியப்போகும் மோட்டாரின் வயிற்றிலும் கேட்டது.
தடித்த கம்பியில் மூன்றாம் மெட்டை அழுத்தினேன்,
கிட்டத்தட்ட அதே சுரம்.
மின்வாரியம் இம்மியளவு சுருதி கூட.

பிரிட்ஜுக்கு அடியில் எர்த் கம்பியை மறந்திருக்கிறேன்.
ஊரில் ஒவ்வொரு வீட்டுப் படியேறியும்
"எர்த் சரியா இருக்கா?" என்று முதலில் கேட்கிறவன்.
நாலு திருகைக் கழற்றி, ஒரு சொட்டு ஈயம் வைத்து,
திரும்ப மூடிக்
கம்பியைத் தொட்டேன்.
நின்றது.
கையை எடுத்தேன், வந்தது.
தொட்டேன், இல்லை.
கடைசி ஒயர் என் உடம்பு போலிருக்கிறது.
மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு
பாதி மோதிரவிரலை மட்டும் வைத்துப் பார்த்தேன்.
அதற்கும் நின்றது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒரே ஒரு சுரம்.
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் நடுங்கின.
அடுப்படியிலிருந்து தையல்நாயகி,
"என்னங்க, லாரியா போகுது?"
"இல்ல," என்றேன்,
"கட்டில்."