கழிவு

சுபஹ் தொழுகைக்குப் பிறகு, தேத்தண்ணிக்கு முன்.
சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி
இடக்கையை மேசையில் வைத்துப் பட்டியைச் சுற்றுகிறேன்.
முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி.
குழாய் உள்ளங்கைப் பக்கம் இறங்க வேண்டும்.
கால்மேல் கால் கூடாது.
ஐந்து நிமிடம் யாரோடும் பேசக் கூடாது.
இவ்வளவையும்
கல்முனைப் பாமசிப் பொடியன்
பதினோராயிரத்து ஐந்நூறை எண்ணிக்கொண்டே சொன்னான்.

சம்மாந்துறையில், மில்லில்
இருபத்தாறு வருடம் தராசடியில் நிற்கிறவன் நான்.
நெய்னாகாட்டு நெல்லும் மல்வத்தை நெல்லும்
என் கண்ணுக்கு முன்னால்தான் கிலோவாகும்.
ஈரமானியில் ஒரு பிடி போட்டு
பதினாலைத் தாண்டினால்
மூட்டைக்கு ஒரு கிலோ, ஒன்றரை,
மழைக்குள் வெட்டியதென்றால் இரண்டு,
கழிவு என்று எழுதுவேன்.
வயற்காரனின் முகத்தைப் பார்ப்பதில்லை.
பார்த்தால் எழுத்து கோணும்.

பொத்தானை அமத்த
பட்டி ஊதுகிறது,
மூட்டையின் வாயைக் கட்டுகிற மாதிரி இறுக்கி
கொஞ்சம் யோசித்து
விடுகிறது.

165. 98.

கிளினிக் கொப்பியில் எழுதினேன்:
145. 88.
ராத்திரி கருவாட்டாணம்,
மில் வாசலில் லொறிக்காரனோடு வாய்த்தர்க்கம்,
நித்திரை குறைவு,
எல்லாவற்றுக்குமாக
மேலே இருபது, கீழே பத்து கழிவு.
டொக்டர் பக்கத்தைப் புரட்டித் தலையாட்டினார்.
"நல்லாயிரிக்கி. இதே குளிசையைப் போடுங்க."
ஆசுப்பத்திரிப் படியில் இறங்கும்போது
நல்லாயிருந்த மாதிரித்தான் இருந்தது.

போன வெள்ளி.
ஜும்ஆவுக்கு என் வெள்ளைச் சாறனை
மசாஹிரா அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.
விரல் தவறி ஞாபகப் பொத்தானில் பட்டது.
இலக்கங்கள் பின்னோக்கி நடந்தன,
திகதியோடு, நேரத்தோடு.
165, என்னுடையது.
158, அதுவும் என்னுடையது.
182. 107.
செவ்வாய், பின்னேரம் மூன்று நாற்பது.

செவ்வாய் மூன்று நாற்பதுக்கு
நான் தராசடியில்.

இன்னும் அமத்தினேன்.
179. 104. திங்கள், பகல் பதினொன்று.
186.
கீழ் இலக்கத்தைப் பார்க்கவில்லை.
அறுபது வரை வைத்திருக்குமாம் இந்தப் பெட்டி.
அதில் பதினேழு
நான் இல்லாத வீட்டில் எடுத்தவை.

பதினேழு தரமும் பட்டியைக் கழற்றி
நான் மடிப்பதுபோலவே மடித்து
நான் சுற்றுவதுபோலவே குழாயை இடப்பக்கமாகச் சுற்றி
அலுமாரியில், அதே மூலையில்.

"மசாஹிரா."
அயனை நிமிர்த்தி வைத்தாள்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"ஒண்டுமில்ல. மிசின் வேல செய்யுதா எண்டு
சும்மா பார்த்த."

கதிரையை இழுத்துப் போட்டேன்.
மறுக்காமல் இருந்தாள், அதுதான் பயம் தந்தது.
மேல்கையில் பட்டி, இரண்டு விரல் இடைவெளி.
ஐந்து நிமிடம்.
மின்விசிறியின் ஒரு தகடு மட்டும்
ஒவ்வொரு சுற்றிலும் டக் என்றது.
மூன்று பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில்
சண்டையில்லாமல் நாங்கள் இருவரும்
இத்தனை நேரம் பேசாதிருந்தது
இதுதான் முதல்.

அமத்தினேன்.
பட்டி இறுகும்போது கேட்டுவிட்டேன்:
"எனக்கேன் சொல்லல்ல?"
அளக்கும்போது வாய் திறக்கக் கூடாது,
அவளுக்கும் அது தெரியும்.
இருந்தும் உதடு அசைந்தது.
என்னவோ சொல்ல வந்து, விழுங்கி.
திரையில் ஒரு பிழை எழுத்து.

திரும்ப அமத்தினேன்.
இந்த முறை நானும் மூச்சை அடக்கி.

கொப்பியில் புதுப் பக்கம். நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
பேனையைத் திறந்தேன்.
மசாஹிரா
என் எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தராசடியில் வயற்காரன் பார்ப்பதுபோல.