குதிரைமேடு

எங்கள் ஜில்லா வரைபடத்தில்
பழுப்பு நிறத்துக்கு வேலையே இல்லை.
ஏழாம் வகுப்பில் எல்லோருடைய டப்பாவிலும்
அந்தப் பென்சில் மட்டும் தேயாமல் கிடந்தது.
ஆனாலும் ஒரு மேடு இருக்கிறது,
கோடியக்காட்டுக்குத் தெற்கே,
கடலிலிருந்து பதினொரு அடி.

நைட் டூட்டி முடித்து
வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினேன்.
டீக்கடையில் வைரக்கண்ணு கேட்டான்:
"பறவ பாக்கப் போறீயளா?"
இல்லை.
"கோயிலுக்கா?"
இல்லை, மேட்டுக்கு.
"அங்க என்ன இருக்கு?"
மேடுதான்.
மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு
அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான்.

தை பிறந்து நாலு நாள்.
மழை போய்விட்டது, தண்ணீர் போகவில்லை.
முதலில் உமரிச்செடி, செக்கச்செவேலென்று;
மிதித்தால் நறுக்கென உடைந்து
உப்புத் தண்ணீர் கக்குகிறது.
பிறகு சேறு.
வயல் சேறு காலைப் பிடிக்கும், விட்டுவிடும்.
இது யோசிக்கிறது.
முழங்கால்வரை வாங்கி வைத்துக்கொண்டு
திருப்பித் தரலாமா என்று
ஒரு நொடி யோசிக்கிறது.
இடது செருப்பைத் தரவில்லை.
வலதை நானே கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது.
குமிழி உடைகிறது.
நண்டு வளைக்குள் மண் சரிகிறது.
ஆட்காட்டி ஒருமுறை கத்திவிட்டு
நான் ஓர் ஆளே இல்லை என்று
முடிவு செய்துகொண்டது.
ராத்திரி முழுக்க வார்டில்
மானிட்டர் அடித்த ஒலி
காதிலிருந்து கழன்று
எந்தப் பள்ளத்தில் விழுந்ததோ.
ஆறாம் எண் கட்டில் காலியானதும்
விரிப்பை மாற்றியது நான்தான்.
அதை இங்கே நினைக்கவேண்டாம் என்றிருந்தேன்.

மேடு எங்கே தொடங்கியது, தெரியவில்லை.
கால் புதைவது நின்றது, அவ்வளவுதான்.
மணல். காரைமுள். ஒற்றைப் பாலைமரம்.
உச்சியில் மூன்று மட்டக்குதிரைகள்
வாலைக் காற்றுக்குக் கொடுத்து நின்றன.
லத்தியில் இன்னும் ஆவி.

பதினொரு அடியிலிருந்து பார்த்தால்
தண்ணீர் நிற்கும் உப்பளப் பாத்திகள்,
ஒரு செல்போன் கோபுரம்,
அதற்கப்பால் பச்சை, தட்டையாக,
கண் போதாத அளவுக்குத் தட்டையாக.
ஏறுவதற்கு ஒன்றுமில்லாத ஊர் என்று
அலுத்துக்கொண்டிருக்கிறேன்.
குடகில் மலையாக இருந்ததுதான்
விரலிடுக்கில் இப்போது
காய்ந்து உதிர்கிறது.

உட்கார்ந்தேன்.
ஒரு குதிரை தள்ளி நின்றது,
எனக்கு இடம் விடுவதுபோல.
அப்படி இருக்காது. ஈ கடித்திருக்கும்.

செருப்பு போன இடத்துக்கு
அடையாளம் வைத்திருந்தேன்:
உமரிக் கொத்து ஒன்று.
இறங்கி வந்து பார்த்தால்
எல்லாமே உமரிக் கொத்து.