முள்ளந்தண்டுக்கு மேலே

முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும்.
உலர்ந்த விரல் மணலைக்கு நெருப்பு.
மேனியின் வழுவழுப்பு உள்ளங்கையில் கழன்று வந்தால்
அரைமணி நேரத்தில் வாளியில் மல்லாந்துவிடும்.

பண்ணைப் பாலத்தின் இரண்டாம் கண்ணுக்கு மேலே
விளக்கொன்று விட்டுவிட்டு எரிகிறது.
பெருக்கு முடிந்து வற்றுத் தொடங்கிய நேரம்.
பரவைக்கடல் பாலத்துக்குள்ளால் ஒடுங்கி ஓடுகிறது.
தூண் நிழலில் பாரை நிற்கும்,
சந்தியில் வேலையற்றவன் நிற்பதுபோல,
ஒன்றையும் பாராதது மாதிரி
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

பகலில் நான் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள்.
இன்று நாற்பத்தொரு கை.
நரம்பை ஒளித்து வைத்திருக்கும் கைகள்,
ஊசியைக் கண்டதும் குளிர்ந்துபோகும் கைகள்,
காப்பைக் கழற்ற மாட்டேன் என்ற ஒரு கை.
"நோகாது" என்று நாற்பத்தொரு தரம் சொன்னேன்.
மணலைக்கு அதைச் சொல்வதில்லை.

ஓட்டமான நீரென்றால் மேலுதட்டில் குத்தலாம்,
தலை எதிரே பார்க்கும், மூச்சு வாங்கும்.
தூணுக்குப் பின்னே தேங்கும் நீருக்கு முதுகுதான்.
செட்டைக்குச் சற்று முன்னால்,
முள்ளந்தண்டுக்கு மேலே,
ஒரு நெல் அகலத்துக்கு இடமிருக்கிறது.
அதற்குக் கீழே முள் இறங்கினால் உடல் மரத்துவிடும்.
மேலே ஏறினால் வெறும் தோல்,
வீசும்போது கிழிந்து
மீன் ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் போகும்.
தேடாமலே என் விரலுக்கு அந்த இடம் தெரிகிறது.
தெரிவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்தில் றெமீசியஸ்.
இடது காலைக் கழற்றி
ஓட்டோவின் பின்சீட்டில் படுக்க வைத்திருக்கிறார்,
உப்புக்காற்றில் ஆணி கறள் பிடிக்குமாம்.
பாலக் கட்டில் ஏறியிருந்தபடி
கத்தரிக்கோலை நீட்டுகிறார்:
"வால் நுனியிலை கொஞ்சம் வெட்டிவிடுமன்.
நொண்டினால்தான் பெரிசு நம்பும்."

வெட்டினேன்.
நகம் வெட்டும் சத்தம்தான் கேட்டது.

இதை வீசக்கூடாது.
கோலைப் பின்னே சாய்த்து,
மீனின் பாரம் நுனிக்கு வரும்வரை பொறுத்து,
தொட்டிலை ஆட்டிவிடும் வேகத்தில் விடவேண்டும்.
அவசரக்கை அதைத் தண்ணீரில் அறைந்தே கொன்றுவிடும்,
செத்த இரைக்கு நண்டுதான் வரும்.

தங்கூசி சுட்டுவிரலில் கிடக்கிறது.
அடியிலிருந்து சிறு துடிப்பு,
பழகிய துடிப்பு.
மணிக்கூடு பாராமலே எண்ணுகிறேன்: எழுபது, எண்பது.
ஒரு மோட்டார் சைக்கிள் மண்டைதீவுப் பக்கம் போகிறது.
றெமீசியஸ் வெற்றிலை மடிக்கிறார்.
எண்பது. எண்பது.
திடீரென நூற்றைம்பது.

அது எதையோ கண்டுவிட்டது.
எனக்கு இன்னும் இருட்டுத்தான்.
வருவது எதுவென்று
அந்த விரல்நீள உடம்புக்குத் தெரிகிறது,
அதன் பயத்தின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு
நான் நிற்கிறேன், வாய் உலர்ந்து,
சந்தோசமாக.

பிறகு ஒன்றுமே இல்லை.
"இப்ப இழுக்காதையும். விழுங்கட்டும்."
ஏழு வரை எண்ணி நிமிர்த்தினேன்.
கோல் வளைந்தது, பாலமே அசைந்ததுபோலிருந்தது,
உருளையில் தங்கூசி கூச்சலிட்டுக்கொண்டு ஓடியது,
அப்படியே என் நெஞ்சுக்கு நேரே தொய்ந்தது.

சுற்றி எடுத்தேன்.
நுனி சுத்தமாக அறுந்திருந்தது.
"பாரை இல்லை, சீலா" என்றார்,
"கம்பி போடாமல் கட்டினது உம்மடை பிழை."
சட்டைப்பையைத் தடவி
ஒரு சாண் உருக்குக்கம்பி எடுத்துத் தந்தார்.
எங்கோ பரவைக்கடலுக்குள்
நான் குத்திய முள்
இன்னொரு வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

தீவுப்பக்கக் கடைசி பஸ் விளக்கைத் தணித்து ஊர்ந்தது.
மிதிபலகையில் நின்ற பெடியன் கத்தினான்:
"அக்கா, ஏதும் பட்டதோ?"
நான் வாய் திறக்குமுன் றெமீசியஸ்,
"ஓமடா, பெரிசொண்டு!"
இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.
சமநிலை தவறி என் தோளைப் பிடித்தார்.
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

பஸ்ஸின் வெளிச்சம் விலகும்போது
வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.
மிச்சம் மூன்று மணலை.
மூன்றும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.