வழுக்கிய கல்

எமரால்டு அணைக்கு மேலே
கேரட் கழுவும் ஓடையில்
என்னைச் சறுக்கிவிட்ட கல்லை
அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டினேன்.
முட்டி இன்னும் நீலம்.

சாயங்காலம் போஜன் ஒரு டிரவுட் கொடுத்துப் போனான்.
பழைய கரண்ட் பில்லை விரித்து
வயிற்றைக் கீறினேன்.
உள்ளே விரல்நீளக் குஞ்சு ஒன்று,
பாதி கரைந்து
கண் மட்டும் முழுசாக.
அதன் வயிற்றுக்கு ஊக்கு முனையே போதும்:
வாலில் மூன்று முடியோடு
பூச்சிகள்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
பூச்சிக்குள் எந்தக் கத்தி நுழையும்?
நகத்தால் நசுக்கினேன்.

பச்சை.
சொட்டுகூட இல்லை, ஒரு தீற்றல்.
விரலில் தேய்த்தால்
காலையில் என்னைக் கவிழ்த்த
அதே வழவழப்பு.

பனி விலகி
பதினோரு மணிக்குமேல் எட்டிப் பார்க்கிற வெயிலை
கல்லோடு ஒட்டிக் கிடந்து
அதுதான் சமைத்திருக்கிறது,
எல்லோருக்கும்.
கூடை கூடையாய்ப் பாசி போய்
ஒரு பிடி பூச்சி மிஞ்சியிருக்கும்.
எத்தனை பிடி பூச்சிக்கு ஒரு குஞ்சு,
எத்தனை குஞ்சுக்கு இந்த ஒன்று,
கணக்கு எனக்கு வராது.
மேலே போகப் போக
வாய் பெரிசாகிறது,
பந்தியில் ஆள் குறைகிறது.
கடைசி இலையில் நான்,
மிளகாய்த்தூளும் உப்புமாக.

குடலை ஓடையில் கொட்டினேன்.
நண்டுகள் வருமுன்
கொஞ்சம் கரைந்து
கல்லுக்கும் போய்ச் சேரும்.

நாளைக்கும் அங்கேதான் வேலை.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கணும்.
வழுக்காமல் இருக்கத்தான்.