ஆரம்ப ரீடிங்

பால் பொங்குவதற்கு முன்னாலேயே
மாடிப்படிக்குக் கீழே குனிந்து
போனில் படம் எடுத்துக்கொண்டேன்:
நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு, புள்ளி மூன்று.
சிலந்திக்கூடு அந்த மூன்றைப் பாதி மறைத்திருந்தது.
விரலால் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன்.

“எதுக்கும்மா இதெல்லாம், நாங்க என்ன ஓடியா போறோம்”
என்றார் வீட்டுக்காரர் ஆதிமூலம்.
நெல்லிக்குப்பம் ஆலையில் எடைமேடையில் இருந்தவர்.
முப்பது வருஷம்
கரும்பு வண்டியை லோடோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை
நிறுத்தி எழுதியவருக்கு
எதுக்கு என்று தெரியாதா.

நான் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நகல் பிரிவு.
எழுதாதது நடக்காதது.

வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
தண்ணீருக்கு முந்நூறு.
கரண்ட்டுக்கு சப்-மீட்டர், யூனிட் ஒன்பது ரூபாய்.
அரசாங்கம் தரும் இலவச நூறு யூனிட்
எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன்.
“அது மெயின் மீட்டருக்கு” என்றார்,
மெயின் மீட்டர் ஏதோ அந்தமானில் இருப்பதுபோல.

நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்.
எங்கள் வீட்டில் யாரும் ஃபேனை நிறுத்தியதில்லை.
ஆளில்லாத அறையில் அது பாட்டுக்குச் சுற்றும்.
கூத்தப்பாக்கத்துக்கு வந்துதான்
ஒரு யூனிட் எவ்வளவு நேரம் என்று
யோசிக்கக் கற்றேன்.

முதல் ஞாயிறே சந்தேகம் வந்தது.
எல்லா சுவிட்சையும் அணைத்தேன்.
ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன், சார்ஜரையும்.
கீழே போய்ப் பார்த்தால்
மீட்டரின் சிவப்புப் புள்ளி
கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
பூட்டிய வீட்டில்
யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள்.

வயர் சுவரோடு போனது.
வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் கைக்குத் தட்டுப்பட்டது.
சன்னல் கட்டையில் ஏறி, கொசுவலை ஓட்டையில் நுழைந்து
அவர்கள் ஹாலில்
நாலடிக் கண்ணாடித் தொட்டியில் முடிந்தது.
ஒரே ஒரு மீன்.
வெள்ளி உடம்பு, தாடையில் இரண்டு மீசை.
என்னைக் கடன்காரியைப் போலப் பார்த்தது.

சிரிப்புதான் வந்தது.
விடிந்தால் தேவனாம்பட்டினத்தில்
கூடை கூடையாக ஏலம் போகிற ஊரில்
ஒரு மீன் மூச்சுவிட
நான் பில் கட்டுகிறேன்.

ஆதிமூலம் மறுக்கவில்லை.
பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:
“மாடிக்கு வேற ஃபேஸ்ம்மா. கீழ போனாலும் மேல இருக்கும்.
தானே புயல்ல பதினோரு நாள் கரண்ட் இல்ல.
அப்ப இருந்தது சிவப்பு.
சைக்கிள் பம்ப வெச்சு அடிச்சோம், நானும் அவளும் மாத்தி மாத்தி.
நாலாம் நாள் விடியக்காலம்
கொஞ்சம் தூங்கிட்டோம்.”

நான் கேட்டது வயர்.

ஆனாலும் கணக்கு கணக்குதான்.
மறு ஞாயிறு முழுக்க என் வீட்டை அணைத்துவைத்துப் பார்த்தோம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரும் குனிந்தார்:
புள்ளி ஒன்பது யூனிட். மாதத்துக்கு இருபத்தேழு.
ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவரே எழுதினார்,
எடைமேடைக் கையெழுத்தில், சாய்வே இல்லாமல்:
மொத்த ரீடிங்கில் கழிவு, மீன், 27.

எனக்கு முன்னால் குடியிருந்த சபுரா பேகத்துக்கு
நாலு வருஷக் கழிவை யார் தருவது
என்று கேட்க வாய் வரை வந்தது.
கேட்கவில்லை.
என் நாற்பதாயிரம் அவரிடம் இருந்தது.

நேற்று ராத்திரி மழை. மூன்று ஃபேஸும் போயிற்று.
பாயில் கிடந்து கேட்டேன்:
கெடிலம் பக்கமிருந்து தவளைகள்,
அதற்கும் கீழே, தரைக்கு அடியில்போல,
புஸ்ஸ், புஸ்ஸ் என்று
சைக்கிள் பம்ப்.
நிற்கும். ஆள் மாறும். மறுபடி.

ஒரு மணிக்கு மேல் படுக்க முடியவில்லை.
டார்ச்சோடு இறங்கினேன்.
போகிற வழியில் பழக்கதோஷம்,
மீட்டர் மேல் அடித்துப் பார்த்தேன்.
புள்ளி அணைந்திருந்தது.
கதவைத் தட்டினேன்.