பிழைதிருத்தம்

இறப்புச் சான்றிதழில்
‘கர்ப்பகவல்லி’ என்று அச்சாகியிருந்தது.

விக்கிரமசிங்கபுரம் நகராட்சி, மூன்றாவது கவுண்டர்.
ஆச்சி கூட வந்திருந்தால் இந்நேரம்
சிவப்புப் பேனாவின் மூடி கழன்றிருக்கும்.
கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை போர்டு,
மில் கேட்டில் ஒட்டிய ஸ்டிரைக் நோட்டீஸ்,
எதையும் விட்டவள் இல்லை.
கொழும்பிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்களில்
பக்கத்துக்கு ஏழெட்டு வட்டம்.
‘உன் நிணைவாகவே இருக்கிறேன்’:
அதற்கு மட்டும் இரண்டு.

அடிப்பாள். அதையும் சொல்லவேண்டும்.
இடது கையால் எழுதியதற்கு வாங்கியது
என் விரல்முட்டியில் இன்னும் இருக்கிறது.

‘ஒத்த எழுத்துதானங்க, விடுங்க.
திருத்த மனு போட்டா மூணு வாரம் ஆவும்.’
போடுகிறேன் என்றேன்.
மூன்று வாரத்துக்கு
அவள் பெயரில் யாரும் சாகவில்லை.

மனுவை வாசித்த கிளார்க்
பாதியில் நிமிர்ந்தார். தலை முழுக்க நரை.
‘தமிழ் டீச்சரா? ஏழாப்பு பி?’
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்
எதற்கென்று அவருக்கே தெரியாமல்.
உட்காரச் சொல்ல
அங்கே யாருமில்லை.

மில் சங்கு ஊதி ஓய்ந்தது.
நின்றபடியே முத்திரை குத்தினார்.
‘வெள்ளிக்கிழமைக்குள்ள தர முயற்சிக்கிறேன்’ என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
‘முயல்கிறேன்.’